எழுத்தாணி எலும்பு

பதுவாவில் நவம்பர். மழை விட்டபாடில்லை.
கியோஜாவிலிருந்து உப்புப் படகில் வந்து இறங்கினாள்
ஒர்சோலா, விலாங்கு விற்பவள்.
வயது நாற்பதோ நாற்பத்திரண்டோ, அவளுக்கே தெரியவில்லை.
விழுங்கினால் வலி. இடப்பக்கம்.
ஒன்பது மாதமாய்.

முள் என்றார்களாம் ஊரில்.
விலாங்கு விற்பவள் தொண்டையில்
வேறென்ன இருக்கும்?
நாவிதன் திமிங்கல எலும்புக் குச்சியில் பஞ்சு சுற்றித்
துழாவிப் பார்த்திருக்கிறான்.
பாதிரியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக்
கழுத்தில் குறுக்காக வைத்து மந்திரித்திருக்கிறார்.
எதிர்க்கடைக்காரி மட்டும்
செத்த விலாங்குகளின் சாபம் என்றாளாம்,
சிரித்துக்கொண்டே.

நானும் முதலில் முள் என்றுதான் நினைத்தேன்.
அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

ஆனால் முள்ளுக்கு ஒரு சுபாவம் உண்டு.
சீழ் கட்டி வெளியே வரும்,
இல்லையென்றால் ஊர்ந்து போய் ஆளைக் கொல்லும்.
ஒன்பது மாதம் ஒரே இடத்தில்
சும்மா உட்கார்ந்திருக்க
அதற்கென்ன வேண்டுதலா?

காய்ச்சல்? இல்லை.
வாயில் நாற்றம்? மீன் வாடை தவிர, இல்லை.
மெலிந்தாளா? இடுப்புக் கயிற்றின் முடிச்சு
பழைய கறையின் மேலேயே விழுகிறது.
ரொட்டி வலிக்கிறதா, கஞ்சி வலிக்கிறதா?
"எச்சில்தான் வலிக்குது,
அதுவும் ஆள் வர்றப்போ."

ஆள் வரும்போதா?
இறகை மைக்கூட்டிலேயே விட்டேன்.

இந்த மேசை உன் கடை, நான் வாங்க வருகிறேன் என்று
வலப்பக்கமிருந்து போனேன்.
விலை சொன்னாள், எச்சில் விழுங்கினாள், ஒன்றுமில்லை.
இடப்பக்கமிருந்து போனேன்.
தலையைத் திருப்பினாள்,
பாதி விலையில் குரல் நின்றது,
கண் கலங்கியது,
கை போனது காதுக்கு.
தொண்டைக்கு அல்ல, காதுக்கு.

விரலை உள்ளே விட்டேன். கடித்தாள்.
நல்ல பற்கள், தழும்பு இன்னும் இருக்கிறது.
இரண்டாம் முறை
உள்நாக்குக்கு இடப்புறம், மெல்லிய தோலுக்கு அடியில்
கெட்டியாய் ஒரு முனை.
விழுங்கிய முள் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.
இதுவோ
உள்ளிருந்து தோலை முட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு விளக்கைத் தூக்கிக்கொண்டு மெனெகோ முன்னால் நடக்க
அறுவைக்கூடத்து அலமாரியைத் திறந்தேன்.
மண்டையோட்டில், காதுத் துளைக்குக் கீழே
ஓர் எலும்பு உண்டு,
எழுத்தாணி என்றே அதற்குப் பெயர்.
பதினொரு மண்டையோடுகளில் அளந்தேன்.
சிலவற்றில் முறிந்திருந்தது, சிலவற்றில்
ஒரு விரற்கணு.
பன்னிரண்டாவது, பிரெந்தா ஆற்றில் மிதந்து வந்த எவனோ.
அவனுக்கு இடப்பக்கம் மட்டும்
என் சுண்டுவிரல் நீளம்.
வலித்திருக்குமா அவனுக்கு?
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
மெனெகோ குளிரில் முணுமுணுத்தான்,
நானோ என் கழுத்தைத் திருப்பித் திருப்பி
எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் சொன்னேன்.
"முள் இல்லை. எலும்பு. உன்னுடையது."
"நான் முழுங்காததா?"
"முழுங்காதது. உனக்குள்ளேயே நீண்டது."
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அப்போ நான் யாரைத் திட்டுறது?"

அறுக்கலாம்தான். ஆனால்
அதே விரலுக்குப் பக்கத்தில் பெரிய நாளம்
துடித்ததையும் உணர்ந்திருந்தேன்.
என் கத்திக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.
இதை விவேகம் என்பதா,
வேறு பெயரில் சொல்வதா, தெரியவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
காரணம், எழுத்தாணி எலும்பு.
சிகிச்சை, கடையைப் பாலத்தின் மறுபக்கம் மாற்றுக,
வாங்குவோர் வலப்பக்கமிருந்து வரும்படி.
சபையில் வாசித்தபோது சிரித்தார்கள்.
பெப்பே மட்டும் சிரிக்கவில்லை, தூங்கிவிட்டிருந்தார்.

ஈஸ்டர் கழிந்து படகோட்டி சேதி கொண்டுவந்தான்.
வலி பாதியாகியிருக்கிறதாம்.
ஆனால் மறுபக்கத்தில் வெயில் அதிகமாம்,
விலாங்கு மதியத்துக்குள் செத்துவிடுகிறதாம்.
அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று
கேட்டுவரச் சொன்னாளாம்.