ஆகஸ்ட் பதினாறு உனக்கு விடுமுறை

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கண்ணாடிக் கடைக்குச்
செவ்வாய்க்கிழமை லீவு.
உனக்கு சனி, ஞாயிறு.
வாரத்தைப் பங்கு போட்டவர்
நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் பதினாறு புதுச்சேரிக்கு விடுமுறை.
நவம்பர் ஒன்றும்.
பிரெஞ்சுக்காரன் போன நன்றிக்கு
இன்னமும் பத்து மணிவரை தூங்குகிறாய்.
எங்களுக்கு ஒரே ஒரு பதினைந்து,
அன்றைக்கும் கடை உண்டு,
ஃபிரேமுக்கு இருபது சதம் தள்ளுபடி.
ஆருத்ராவுக்கு எங்கள் மாவட்டமே மூடிக்கிடந்தால்
நீ பொதுப்பணித் துறையில்
வவுச்சர் சம்பளத்துக்குக் கோப்பு நகர்த்திக்கொண்டிருப்பாய்.

ஆகவே முள்ளோடை.
சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் டீ,
அந்தப் பக்கம் உன் வண்டிக்குப் பெட்ரோல்.
டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லை.
உங்க அரசாங்கம் நம்ம காதலுக்கு மானியம் தருது என்பாய்.
நான் சிரிப்பேன்.
மூன்றாவது தடவையும் சிரித்தேன்.

ஆறரை ஆனால் கிளம்பிவிடுவாய்.
இன்னும் கொஞ்ச நேரம் என்றால்
வானத்தைப் பார்ப்பாய், வண்டிச் சாவியைப் பார்ப்பாய்.
வீட்டில் திட்டுவார்களா?
வேறு யாராவது காத்திருக்கிறாளா?
ஹாஸ்டலில் மூன்று ராத்திரி
இதை மட்டும் மென்றிருக்கிறேன்,
மேல் கட்டில் ஷர்மிளி தூக்கத்தில் பல்லைக் கடிக்க.

மாசி மகம் ஒன்றுதான் ரெண்டு ஊருக்கும் பொது.
தேவனாம்பட்டினத்தில் சாமிகள் வரிசையாகக் கடல் பார்த்து நிற்க
இருபதடி தூரத்தில் கை தூக்கினேன்.
நேராக என்னைப் பார்த்தாய்.
பார்த்துவிட்டுப் போனாய்.
நாலு நாள் நான் பேசவில்லை.
நீ காரணம் கேட்கவும் இல்லை,
எதுன்னாலும் உன் இஷ்டம் என்றாய்.
இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவனை
எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள்.

நாள் முழுக்க நான் கேட்பது ஒரே கேள்வி:
ஒண்ணா, ரெண்டா?
இதுல தெளிவா இருக்கா, இதுலயா?
ரெண்டும் ஒண்ணுதாம்மா என்பார்கள் சிலர்,
என்னைச் சிரமப்படுத்தக் கூடாதாம்.
அவர்களுக்குத்தான் கடைசிவரை தலைவலி தீராது.

போன ஆகஸ்ட் பதினாறு, பகல் பன்னிரண்டு,
டோக்கன் ஏழு,
நாற்காலியில் நீ.
யாரோ போல வணக்கம் வைத்தாய்.
ஹமீது அண்ணன் கல்லாவில் இருந்தார்.
நானும் யாரோ போல
சோதனை ஃபிரேமை உன் காதில் மாட்டினேன்.
அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில்
உன்னைத் தொட்டதே இல்லை.
படிங்க சார்.
ப-வை ம என்றாய்.
ம-வை ப என்றாய்.
கீழே நாலு வரியும் எறும்பு என்றாய்.

மைனஸ் ஒன்றே முக்கால், ரெண்டு கண்ணிலும்.

எத்தனை நாளா சார் இப்படி?
ரெண்டு வருஷமா இருக்கும்.
நைட்டுல எதிர்ல வர்ற லைட்டெல்லாம்
பூவா வெடிக்குது,
அதான் இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுவேன்.
தெரிஞ்சவங்களையே டிரெஸ் கலர வெச்சித்தான் கண்டுபிடிக்கிறேன்.

மாசி மகத்துக்கு நான் போட்டிருந்தது
அன்றுதான் முதன்முதலாக உடுத்திய பச்சைச் சுடிதார்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்த வேண்டும்.
டோக்கன் எட்டு வெளியே இருமுகிறது.
லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன்,
ஒண்ணா, ரெண்டா,
தேவைக்கு மேலேயே கேட்டேன்.
ரெண்டு, என்றாய்.
ரெண்டுதான். நிச்சயமா.
உன் வாயிலிருந்து அந்தச் சொல்
இதற்கு முன் வந்ததாக நினைவில்லை.
அந்த லென்ஸோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.
மூக்கோரத்துப் பரு,
காலையில் கோணலாகிப்போன பொட்டு,
எல்லாம் சேர்த்து இத்தனை நாளாக
மங்கலாகத்தான் காதலித்திருக்கிறாய்.
எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பில் எழுதினேன்.
செங்குட்டுவன், 26, அரியாங்குப்பம்.
முன்பணம் இருநூறு.
கைபேசி எண்ணை நீ சொல்லும் முன்னே எழுதி முடித்திருந்தேன்.
ஹமீது அண்ணன் எட்டிப் பார்த்தார்.
டெலிவரி செவ்வாய்னு போட்டிருக்க,
அன்னிக்குக் கடை லீவாச்சேம்மா.

ஆமாண்ணே, லீவு.