பதின்மூன்றாம் நாள்

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
ஜூலைக் காற்று கன்டெய்னர்களைத் தட்டித் தட்டிப் பார்க்கும்,
எதுவாவது பூட்டாமல் கிடக்கிறதா என்று.

எடைமேடையில் இரவுப் பணி யெர்க்கா மிஹோவிலோவிச்சுக்கு.
தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் கணினி,
கடைசிப் பன்னிரண்டையும் ஞாபகம் வைத்திருக்கும்.
ஞாபகம் என்றால் சொல்லாக அல்ல,
அரைத்த மாவாக.
மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாது.
அதே நெல்லை மறுபடி கொட்டினால் மட்டும்
‘இது ஏற்கெனவே வந்தது’ என்று தள்ளிவிடும்.

பதிவேட்டைப் பார்ப்பது என் வேலை.
3:07க்கு ஒரு மாற்றம். 3:09க்கு இன்னொன்று.
3:31க்குள் பன்னிரண்டு.
3:32க்குப் பதின்மூன்றாவது:
பழைய குருடி, கதவைத் திறடி.

முதலில் சிரித்தேன்.
பிறகு விதி எழுதினேன், நாளுக்கு ஒரு மாற்றம்தான் என்று.
அவள் சண்டை போடவில்லை.
நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாள், விரதம்போல.
பதின்மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டாள்.
அந்தப் பிடிவாதத்தின் முன்
என் இருபது வருட அனுபவம் கைகட்டி நின்றது.

“சாவிக்கொத்து ஒன்று தருகிறேன், மென்பொருள்தான், இலவசம்” என்றேன்.
மாத்தே குடுவையின் குழலை வாயிலிருந்து எடுக்காமலே
“நிகானோர், எனக்கு இருப்பது ஒரு தலை” என்றாள்.

செப்டம்பரில் நண்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் இணையக் கடையில்
கொள்ளை. பணம் போகவில்லை, பட்டியல் போனது.
அங்கே அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை,
இரண்டு கிலோ நண்டு வாங்கியிருந்தாள்.
அதே சொல்லால்.

மூன்றே நாளில் யாரோ, எங்கிருந்தோ,
உடைக்கவில்லை, தட்டவும் இல்லை,
சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தார்கள்:
எடைமேடை, சம்பள வங்கி, எரிவாயு பில்,
போர்வெனிரில் இருக்கும் தங்கையோடு அவள் பேசிய ஏழு வருடம்.
பதினெட்டு லாரிகள் ஒரே இரவில் இளைத்துப்போயின.

விசாரணைக்காகப் பட்டியலைத் திறந்தபோதுதான்
அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தேன்.
எட்டு எழுத்து. அவ்வளவு சாதாரணம்.
இங்கே எழுத மாட்டேன்,
எங்கோ ஒரு பூட்டில் அது இன்னும் இருக்கலாம்.

அவளைத் திட்டுவதற்கென்று எழுந்தவன்
மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.
வீட்டுக்குப் போய், விடியும்வரை,
என் சொல்லை ஏழு இடங்களில் மாற்றினேன்.

எட்டாவதாக ஓர் இடம் உண்டு.
எதுவென்றுதான் நினைவுக்கு வரவில்லை.