காணப்படவில்லை

சோதனைக்குழாயில் வந்தது பத்துச் சொட்டு.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்:
மழைத்தண்ணீர் மாதிரி, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
தாளில்: தேசம்மா, முப்பத்து நான்கு, காசிமேடு,
ஏ.ஆர்.டி. எண், சி.டி.ஃபோர் அறுபத்தொன்று.
மூன்று வாரமாகத் தலைவலி.
முதலில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்,
பிறகு தர்காவில் கயிறு கட்டினார்கள்.
போன வியாழன் மகனைச்
செத்துப்போன தம்பி பெயரால் கூப்பிட்டாளாம்.

தாம்பரம் ரயில் சானடோரியம் தாண்டும்போது
என் மேசையில் ஸ்லைடுகள் மெல்லக் கிணுகிணுக்கும்.
செல் எண்ணினேன். நான்கு.
நான்கென்றால் கோளாறில்லை என்று எழுதிவிடலாம்.
ஆனால் எதிர்த்து நிற்க ஆளில்லாத உடம்பில்
சண்டை நடந்த தடயமும் இருக்காது.
'போதாது' என்று திருப்பி அனுப்புவது வழக்கம்.
மாடியேறிப் போனேன்.

"இன்னொரு தரம் முதுகுல குத்தணுமா?"
ஹவுஸ் சர்ஜன் ரஹ்மத்துன்னிசாவுக்கு
இரண்டு இரவாகத் தூக்கமில்லை.
வராந்தாவில் புருஷன் தலையாட்டினான்:
"கால் விழுந்துடும்ன்றாங்க."
விழாது என்றேன். படித்ததெல்லாம் சொன்னேன்,
பாதி அவனுக்குப் புரியவில்லை, கால்வாசி எனக்கே.
கேட்டுக்கொண்டே இருந்தவன்
சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"ஒரு சொம்பு மொண்டு பாத்துட்டு
கடல்ல மீன் இல்லன்னா எப்டி?"
கையெழுத்துப் போட்டான். தாளெல்லாம் டீசல் வாடை.

ஆறு மில்லி.
சுழற்றி, தெளிவை வடித்து, அடியில் தங்கியதைக்
காட்ரிட்ஜில் ஏற்றினேன்.
இரண்டு மணி நேரம் முனகியது இயந்திரம்.
காணப்படவில்லை.
அதன்கீழே பேனாவால் சேர்த்தேன்:
இல்லை என்று பொருளல்ல.
ரஹ்மத்துன்னிசா அதற்கு முந்தைய இரவே
மாத்திரை தொடங்கியிருந்தாள்;
என்னிடம் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

நாற்பத்தோராம் நாள்
கல்ச்சரில் வளர்ந்திருந்தது.
கட்டிலில் வேறு யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.
எண்ணைத் தேடிப் போன் செய்தேன்.
ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம்.
"எந்த டெஸ்ட்டு?" என்றான்.
பின்னால் ஒரு பெண்குரல்
வஞ்சிரத்துக்கு இதற்குமேல் குறைக்க முடியாதென்று
யாரையோ வைதுகொண்டிருந்தது.
அது அவளா என்று கேட்க வாயெடுத்தேன்.
லைன் போய்விட்டது.