பத்து மாத அறை

விண்ணப்பத்தின் பின்பக்கத்தில்
நடுவே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன்.
இடப்பக்கம் விடுதி. வலப்பக்கம் வாடகை அறை.
பஸ் ஜன்னல் சரியாக மூடாது.
ஃபிங்கர்போஸ்ட் தாண்டுவதற்குள்
இரண்டு பக்கமும் ஒரே நீலமாகிவிட்டது.

சேரம்பாடியில் நாலரைக்கு ஏறினோம்.
நடுவட்டத்தில் அம்மா வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"தினமும் போய் வந்தா என்ன?"
பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை.
வெந்நீர் காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை,
ஆளுக்கு ஒரு வாளி.
சாயங்காலம் ஆறுக்கு கேட் பூட்டுவார்கள்.
காட்டெருமை வரும் என்றார் வார்டன் எஸ்தர் மேடம்.
பையன்கள் விடுதி கேட் ஒன்பதுக்கு.
அந்தப் பக்கம் எருமைகள்
சாப்பிட்டுவிட்டு வரும் போலிருக்கிறது.

ஐந்தாம் நம்பர் கட்டில் காலி.
அதன் மேல் சுவரில் ஈரம் ஊறி ஊறி
ஒரு தேசப்படம் வரைந்திருந்தது.
யாரோ பேனாவால் அதில் ஊர்கள் குறித்திருந்தார்கள்:
எருமாடு, அய்யன்கொல்லி, கொளப்பள்ளி.
என் ஊர் இல்லை.
இடம் இருந்தது.

அறை, காந்தலில்.
எண்பத்து நாலு படி. நாற்பதாவதில் அம்மா உட்கார்ந்தாள்.
முப்பது கிலோ கொழுந்து சுமந்து மேடேறுகிறவள்,
"இது வேற மூச்சு" என்றாள்.

மூவாயிரத்து ஐந்நூறு. கரண்ட் தனி.
பிரின்சியா பாதி போடுவதாகச் சொல்லியிருந்தாள்.
ஒரு ஜன்னல், அதற்குள் சரிவு முழுக்கக் கேரட் வயல்.
"பூட்டிப் பாரும்மா" என்று
வீட்டுக்காரர் மாசிலாமணி சாவியை நீட்டினார்.
எங்கள் லைன் வீட்டுக்குச் சாவியே கிடையாது,
உள்ளே எப்போதும் யாராவது இருப்பார்கள்.
பூட்டினேன். திறந்தேன்.
இன்னொரு முறை பூட்டினேன்.

"எந்த ஊரு?"
"சேரம்பாடி."
"அதுக்கு முன்னாடி?"
"கண்டிப் பக்கம்."
"அதுக்கும் முன்னாடி?"
அம்மா குடையை மடித்து,
நீர் முழுக்கச் சொட்டும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ கொடுத்தார். கெட்டவர் இல்லை.
டம்ளரை வாங்கும்போதுதான் சொன்னார்:
"ஏப்ரல், மே மட்டும் காலி பண்ணிடணும்.
சீசன். ஒரு நாளைக்கே ரெண்டாயிரம் தர்றாங்க.
நாங்களே மச்சினன் வீட்டுக்குப் போயிடுவோம்.
பொட்டியெல்லாம் கோழிக்கூண்டு பக்கத்துல
வெச்சுட்டுப் போ, பத்திரமா இருக்கும்."

செமஸ்டர் பரீட்சை ஏப்ரல் இருபதில்.

ஜனவரிப் பனியில் விரல் மரத்து எழுதியவள்
எழுந்து இடம் விட வேண்டும்,
குளிரைப் பார்க்க வருகிறவர்களுக்கு.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்
ஒரு வர்க்கியை இரண்டாக உடைத்தாள் அம்மா.
கணக்கு எதுவும் கேட்கவில்லை.
"ராத்திரி வயித்த வலிச்சா யார எழுப்புவே?"
யாரும் என்னை எழுப்பாத ஒரு ராத்திரி வேண்டும்
என்பது நாக்கு நுனி வரை வந்தது.
வர்க்கியோடு விழுங்கினேன்.

விடுதிக்கே முன்பணம் கட்டினோம்.
ரசீதில் கட்டில் எண் ஐந்து.
பிரின்சியாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.
கோபமா, சரியா, தெரியவில்லை.

பைக்காரா தாண்டும்போது
ஸ்வெட்டர் பைக்குள் கை விட்டால்
சாவி.

அம்மா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.
திங்கட்கிழமை கொடுத்துவிடலாம்.
அதுவரைக்கும் அல்ல,
நடுவட்டம் வரைக்கும் போதும் என்று
கண்ணை மூடி எண்பத்து நாலு படியும் ஏறினேன்.
பூட்டு இறுக்கம். கொஞ்சம் தூக்கித் திருப்பவேண்டும்.
உள்ளே போய்த் தாழிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்,
ஒருவரும் நிமிர்ந்து
யார் மகள் என்று கேட்கவில்லை.

கூடலூரில் சிக்னல் வந்தது.
போனில் வீட்டுக்காரர் பெயர்.