காரணம் என்ற கட்டம்

கிரீம்ஸ் சாலையில் எனக்கு மணிக்கு இருநூற்றைம்பது.
தம்மாமில் ஒன்பது வருடம் ஏசி பழுதுபார்த்துப் பொறுக்கிய அரபி
இப்போது கல்லீரல், மூட்டு, சிறுநீரகம் என்று
உறுப்பு உறுப்பாய்ப் பேசிப் பிழைக்கிறது.

இன்று வந்தவர் மிக்தாத். பக்கூபாக்காரர்.
லாரி எடைமேடையில் குமாஸ்தா.
வலது கை தோளுக்கு மேல் போகாது.
சட்டையை மனைவிதான் கழற்றிவிட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம்: காயத்தின் காரணம்.
விபத்து. தவறி விழுதல். மற்றவை.
கேட்டேன்.
ஒரே சொல்லில் பதில் வந்தது:
திமுக்ராத்திய்யா.

மூன்று மெய்யெழுத்து கிடைத்தால்
முப்பது சொல் முளைக்கிற மொழி அது.
இந்தச் சொல்லுக்கு மட்டும் அங்கே வேர் கிடையாது.
"என்னவாம்?" என்றார் டாக்டர்.
"இருங்க சார், விளக்கமாக் கேக்கறேன்."

முதலில் வானத்திலிருந்து காகிதம் விழுந்ததாம்,
இனி நீங்கள் சுதந்திர மனிதர்கள் என்று,
இலக்கணப் பிழையோடு.
அப்புறம் கதவு விழுந்தது. ராத்திரி இரண்டு மணி.
தலைக்குச் சாக்கு.
கைகளைப் பின்னால் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டி
பதினோரு நாள்
இவர் பெயருள்ள வேறொருவனைப் பற்றிக் கேட்டார்கள்.
விட்டபோது ஒரு தண்ணீர் பாட்டில் தந்தார்கள்,
வாக்குரிமை பற்றி ஒரு வண்ணப் புத்தகமும்.
ஜனவரியில் தேர்தல்.
மைக்கு வலது கை கேட்டார்கள். எழவில்லை.
இடது விரலை முக்கிவிட்டு வந்தார்.

"அதுக்கப்புறமுமா ஓட்டுப் போட்டீங்க?"
இது டாக்டர் கேட்டதில்லை.
இதற்கு நான் காசு வாங்கவில்லை.

"என் அண்ணனைப் பழைய ஆட்சி கொண்டுபோனது.
எலும்புகூடத் திரும்பவில்லை.
ஓட்டு எனக்கு வேண்டியிருந்தது, தம்பி.
வேண்டியதுதான் வந்தது.
வந்த விதம் தோளில் இருக்கிறது."

பிறகு என் விரலைப் பார்த்தார்.
ஏப்ரல் மை. நகத்தில் பாதி ஏறியிருந்தது.
"உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தார்கள்?"
"மொபெட்டில்."
"கதவைத் தட்டினார்களா?"
"தட்டினாங்க."
"திறக்காவிட்டால்?"
"பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்க."

அதை அவர் மனைவியிடம் திருப்பிச் சொன்னார்,
மெதுவாக,
கடையில் விலை கேட்டுவிட்டு வந்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல.
அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கவரில் இருந்த ஐந்நூறு ரூபாயைச் சொல்லவில்லை நான்.
பட்டியலில் விட்டுப்போன என் தங்கை பெயரைச் சொல்லவில்லை.
கூவக்கரையில் எங்கள் சுவருக்கு
ஜேசிபி வந்த காலையையும் சொல்லவில்லை.
அது தட்டவில்லை.

டாக்டர் 'தவறி விழுதல்' என்று எழுதினார்.
இன்ஷூரன்ஸுக்கு அதுதான் தோதாம்.
மிக்தாத் இடது கையால் கையெழுத்திட்டார்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து.
மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நானும் போட்டேன்.

பெரும்பாக்கம் பஸ் வர நேரமாகும்.
அங்கே ஏழாவது மாடி,
லிஃப்ட் ஓடுகிறதோ என்னவோ.