நாற்பத்தோரு நொடி

காகிதப்பட்டறையில் காகிதம் இல்லாத ஓர் அறை.
உள்ளே ஒன்பது கோடி முடிச்சு:
ஆள், ஊர், உறவு, ரத்த வகை,
எதைத் தொட்டாலும் இன்னொன்று அசையும்.

‘மண்டல்’ என்று தட்டினால்
முடிச்சு முடிச்சாய் அவிழ்த்து
எழுத்துக்கூட்டிப் பார்க்கும் இயந்திரம்.
நாற்பத்தோரு நொடி.
ஆஸ்பத்திரி கவுண்டரில், மால்டாவிலிருந்து வந்தவர்
அதற்குள் பை ஜிப்பை
இரண்டு தரம் திறந்து மூடிவிடுவார்.

அக்னி நட்சத்திரத்து வெள்ளி இரவு
நானும் முபீனாவும்
எந்தச் சொல் எந்த முடிச்சில் என்று
முன்கூட்டியே அட்டவணை போட்டோம்.
இனித் துழாவ வேண்டாம், புரட்டினால் போதும்.
கேள்வியையும் திருப்பிப் போட்டாள் அவள்:
முதலில் சொல்லைப் பிடி, அப்புறம் உறவைக் கேள்.

விடிந்தபோது அரை நொடி.
கோட்டைப் பக்கம் போய் தோசை தின்றோம்.

பத்தரை மணிக்கு ‘மண்டல்’.
அரை நொடியில் வந்தது: இல்லை.
அவர் ஜிப்பில் கைவைக்கக்கூட நேரமில்லை.

‘சுபல்மண்டல்’ என்று யாராவது
இடைவெளி விடாமல் அடித்திருக்கலாம்.
அட்டவணைக்கு அது வேறு சொல்.

முபீனா ஒன்றும் பேசாமல்
பழைய கேள்வியை எழுப்பினாள்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
பதினெட்டு, பத்தொன்பது.
அவர் ஜிப்பைத் திறக்கிறார்.