மேலிருந்து பார்த்தால்

நூற்றிருபத்து நான்கு ரியால், தொள்ளாயிரம் பைசா.
மிச்ச நூறு பைசாவுக்கு
ஒரு தண்ணீர் பாட்டில் வரும்.

பதினேழு அங்குலம்.
ரூவி ஹை ஸ்ட்ரீட் கடையில்
அதன் பக்கத்தில் நின்ற பதினான்கு
டிபன் டப்பா மாதிரி இருந்தது.

நௌஷீர் எதையும் மறைக்கவில்லை.
கமிஷன் இல்லாத வேலை போல.
"பெரிசுதாண்ணா, வெளிச்சம் கம்மி.
வெயில்ல வெச்சா ஒண்ணும் தெரியாது."
வெயிலில் நான் நிற்பது போதாதா,
இதையும் எதற்குக் கூட்டிப் போகிறேன்.

"பேட்டரி மூணு மணிநேரம்னு போட்டிருக்கும்,
ஒண்ணரைனு வெச்சுக்குங்க."
மபேலா கேம்ப்பில் ஆறு கட்டிலுக்கு
இரண்டு பிளக் பாயிண்ட்.
ஒன்றில் நிரந்தரமாக ரைஸ் குக்கர்.
ஒன்றரை போதும்.
பத்து மணிக்கு மேல் கண்ணும் அவ்வளவுதான் தாங்கும்.

"வெயிட்டு ரெண்டே முக்கால் கிலோ."
இங்கேதான் கணக்குப் போட்டேன்.
விமானத்தில் கையோடு ஏழு கிலோ.
இதைப் போட்டால் மீதி நாலேகால்.
இரண்டு வருடம் கழித்துப் போகிறவன்
நாலேகால் கிலோவோடு போய் இறங்கினால்
வீட்டில் என்ன சொல்வார்கள்.
லீவுக்குப் பதினொரு மாதம் இருக்கிறது,
அப்போது பார்ப்போம் என்று
அந்தக் கவலையைக் கடை மேஜையிலேயே வைத்தேன்.

கீல் பிளாஸ்டிக். திறக்கும்போது முனகியது.
விசைகளில் அரபி எழுத்து,
அது பரவாயில்லை,
வலப்பக்கம் எண்களுக்குத் தனிப்பட்டை இருந்தது.

பென்டிரைவைச் செருகி
ஒரு தூணின் வரைபடத்தைத் திறந்தேன்.
சின்னத் திரையில் எட்டு எம்எம் கம்பியும்
பத்து எம்எம் கம்பியும் ஒன்றாகக் குழம்பின.
இதில் பிரிந்து நின்றன,
ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக.
நான்கு வருடமாகக் கம்பி கட்டுகிறேன்.
கம்பியை எண்ணி எழுதுகிறவனுக்கு
நிழலில் நாற்காலி போடுகிறார்கள்.

கீலைப் பார்க்க எழுந்து நின்றேன்.
தூண் காணாமல் போய்விட்டது.
திரை முழுக்க வெளுப்பு.

நௌஷீர் முகம் சுருங்கியது.
"அது ஒரு குறைதாண்ணா.
நேரா உக்காந்தாத்தான் தெரியும்.
மேலேருந்து பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.
குடும்பமா உக்காந்து படம் பாக்க முடியாது."

குடும்பமா.

என் மேல்கட்டிலில் கிறிஸ்துதாஸ் அண்ணன்,
ஃபோர்மேனுக்கு மச்சான்.
நல்ல மனிதர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது
கஞ்சி வைத்துக் கொடுத்தார்.
ஆனால் ராத்திரி அவர் கண்ணில் படுவது
காலைப் பஸ்ஸுக்கு முன்னால்
சைட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.
போன மாதம் என் செல்போனில்
வேறு கம்பெனிக்கு எழுதிய இரண்டு வரி
அப்படித்தான் போனது.
ஒரு வாரம் எனக்கு ஓவர்டைம் இல்லை.

உட்கார்ந்தேன். தூண் வந்தது.
எழுந்தேன். போனது.
உட்கார்ந்தேன்.

"வேற மாடல் காட்டட்டுமா?
ஐம்பது ரியால் கூட வரும்,
எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் பளிச்சுனு தெரியும்."
வேண்டாம் என்றேன்,
அவன் பயந்துபோகும் அளவுக்கு வேகமாக.
பை இலவசம் கேட்டேன், தரவில்லை.
மவுஸ் கொடுத்தான்.

அன்றிரவு
மேலிருந்து ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது.
"என்ன தம்பி, ஒண்ணுமே தெரியல?
வெளிறிக் கெடக்கு. ஏமாத்திட்டானா?"
"ஆமாண்ணே."
"ரசீது இருக்குல்லா?
வெள்ளிக்கிழமை நானும் வாறேன்.
ரெண்டு சத்தம் போட்டா மாத்தித் தருவான்."

இப்படியும் வந்து மாட்டும்.

"தொலைச்சிட்டேண்ணே."
அவர் உச்சுக்கொட்டிய சத்தம்
பிளைவுட்டைத் தாண்டி
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.
எனக்காக அவர் வருத்தப்பட்டது உண்மை.
தலையணைக்கடியில் ரசீது
கன்னத்தில் நெருடியதும் உண்மை.

வரைபடத்துக்குத் திரும்பினேன்.
நான்காம் தூண், வளையம் இருபத்தொன்பது
என்று தட்டினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று விழுந்தது.
ஒன்பது மட்டும்
ஒரு தடவை அழுத்தினால் இரண்டாக வருகிறது.

இதை நௌஷீர் சொல்லவில்லை.